ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் நடுவே

மாத்திரை மேல்படிப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. அதற்கு முன் ஒன்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். 'மாத்திரை' என்பது ஆய்வகத்துப் பிள்ளைகள் முதல் வாரமே வைத்த பெயர். வீட்டில் அப்படிக் கூப்பிட ஆளில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான், அவளும் அவளுடைய நாத்தனாரும். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், வயிறாரச் சாப்பிடுவார், வாரக்கணக்கில் தூங்குவார், போய்விடுவார். நாத்தனார் தெருமுனையில் நகல் எடுத்துப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். அண்ணியைப் படிக்கப் போகச் சொல்லிப் பிடரியைப் பிடித்துத் தள்ளியவளும் அவள்தான்.

படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு கேள்வி. நான்கு மாதம் முன்பு திறந்த குழந்தைக் காய்ச்சல் மருந்தை இப்போது கொடுக்கலாமா என்று கடைக்கு வந்த ஒருத்தி கேட்டாள். கொட்டிவிடச் சொன்னாள் மாத்திரை. ஏன் என்று அவள் விடவில்லை. லேபிளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்பதற்கு மேல் மாத்திரையிடம் பதில் இல்லை. திறந்த சீசாவுக்குள் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எவ்வளவு கெட்டுப் போயிருக்கிறது என்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியவள், விசாரித்துக்கொண்டே போய் மின்பகுப்பாய்வு வேதியியல் துறையின் வாசலில் நின்றாள்.

அந்தத் துறையில் பெரிய தலைகள் இரண்டு. இரண்டும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவை. அக்காவைக் கட்டியவர் ஒருவர், தங்கையைக் கட்டியவர் மற்றவர். சகலைகள் இருவரும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில், பதினொரு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள்.

சொத்துத் தகராறு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இல்லை. தகராறு ஒரு கிராஃபைப் பற்றியது.

விஷயம் இதுதான். ஒரு சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் மருந்துக் கரைசலை ஊற்றி மூன்று மின்முனைகளை இறக்குவார்கள். கருவி மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும், ஓரிடத்தில் திரும்பி, வந்த வழியே இறக்கும். போகும்போது மருந்து எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்னோட்டம் ஒரு மேடாக எழும்பும். திரும்பும்போது கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், மின்னோட்டம் பள்ளமாக இறங்கும். தாளில் அது வாத்து நீந்துகிற மாதிரி ஒரு வளையமாக விழும். மேட்டின் உயரத்தை அளந்தால் மருந்தின் அளவு தெரிந்துவிடும்.

இதில் எலக்ட்ரான் கொடுப்பதை மேலே வரைவதா, வாங்குவதை மேலே வரைவதா என்பதில் உலகத்தில் இரண்டு கட்சி உண்டு. இரண்டும் சரிதான். ஒரு கட்சிக்காரரின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றக் கட்சிக்காரரின் படம். அக்கா வீட்டுக்காரர் கொடுப்பதை மேலே வரைகிறவர், ஆகவே ஏறுமுகம். தங்கை வீட்டுக்காரர் அதையே கீழே வரைகிறவர், ஆகவே இறங்குமுகம். பெயர் வைத்த புண்ணியவான் எந்த வருஷத்து மாணவன் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்குமே தங்கள் பெயர் தெரியும் என்பது மட்டும் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு செய்முறைப் பயிற்சிப் புத்தகம் எழுதினார்கள். ஒற்றைப்படை அத்தியாயங்கள் ஏறுமுகத்துடையவை, இரட்டைப்படை இறங்குமுகத்துடையவை. புத்தகம் வந்தபிறகுதான், மூன்றாவது அத்தியாயத்தில் மேடாக இருந்தது நான்காவதில் பள்ளமாக இருப்பதைப் பார்த்தார்கள். அந்த வருஷம் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் ஒருவர் கையில் தேறினார்கள், மறுபாதி மற்றவர் கையில். 'நீங்கள் மாற்றுங்கள்' என்று ஆரம்பித்த பேச்சு, கல்யாணத்தின்போது யார் யாரை மதிக்கவில்லை என்பது வரைக்கும் போய் முடிந்தது. அன்றோடு சரி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் உட்காரும். உப்பு வேண்டுமென்றால் ஏறுமுகம் தன் மனைவியிடம் சொல்ல, அவள் தங்கையிடம் சொல்ல, தங்கை தன் கணவர் முன்னால் இருக்கும் உப்பை எடுத்துத் தருவாள். அக்காவும் தங்கையும் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தினமும் இரண்டு மணிநேரம் போனில் பேசினார்கள். துறையின் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே அதன் சாரம் அந்தப் போன் வழியாக இரண்டு வீட்டுக்கும் போய்விடும்.

முதல் மாதமே மாத்திரை சிக்கினாள். இறங்குமுகத்தின் வகுப்பில் கரும்பலகையில் வளையத்தை மேடு மேலே வரும்படி வரைந்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் குழாயிலிருந்து தொட்டிக்கு ஏறுமா என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். மறுநாள் ஏறுமுகத்தின் வகுப்பில், பட்டது போதும் என்று, மேட்டைக் கீழே வரைந்தாள். அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, எதிர் அறையில் இருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அதன்பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். கண்ணாடித் தாளில் படத்தை அச்சிட்டு, அச்சின் எண்களை மட்டும் ஒட்டுத்தாளில் எழுதி வைப்பாள். இந்த அறைக்குப் போனால் ஒரு பக்கம், அந்த அறைக்குப் போனால் திருப்பி மறுபக்கம். முதுகலை இரண்டு வருஷமும் இப்படியே ஓடியது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஏறுமுகம் வழிகாட்டியாக வாய்த்தார், இறங்குமுகம் மதிப்பீட்டுக் குழுவில் வந்து உட்கார்ந்தார். வேறு ஆளில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குழுவின் முன் நின்று பேச வேண்டும். அங்கே அவள் வளையத்தை முழுதாகக் காட்டவே மாட்டாள். மருந்தின் அளவு ஒரு கோடு, நாட்கள் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குக்கூட வம்பு வரவில்லை. இதில் தனக்குக் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் நடந்தது. காலையில் வந்ததும் பென்சில் முனையளவு கரிமுனையை ஈரத்துணியின் மேல் வெள்ளைப் பொடி தூவித் தேய்க்க வேண்டும். ஒரே பக்கமாகத் தேய்த்தால் கோடு விழும், ஆகவே எட்டுப் போட வேண்டும். வண்டி உரிமத்துக்குப் போட்ட எட்டைவிட நான்கு வருஷத்தில் இந்தத் துணியில் போட்ட எட்டுகள் பல்லாயிரம் மடங்கு. பிறகு கரைசலில் இருக்கும் ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜனைக் குமிழி விட வேண்டும். பக்கத்து மின்தூக்கி கிளம்பும்போதெல்லாம் கோடு நடுங்கும், அது நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நாத்தனார் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்து, திறந்து வைத்த காய்ச்சல் மருந்துச் சீசாக்களாகச் சேர்த்துக் கொடுத்தாள். ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் ஆறு மாதம் வெந்தது என்று நாற்பது சீசா. ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் என்று நாத்தனாரின் முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு.

நான்காவது வருஷக் கடைசியில் ஆய்வேடு முடிந்தது. குழுவுக்கு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். மாத்திரை இரண்டு விதமாக அச்சிட்டாள், எழுத்து ஒன்றுதான், நாற்பத்துமூன்று படங்கள் மட்டும் ஒன்றில் ஏறுமுகம், ஒன்றில் இறங்குமுகம். ஆய்வேடு என்று வந்தால் வளையத்தை முழுதாகப் போட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை. தாள்களை நாத்தனாரின் கடையில் கொடுத்துவிட்டு, ஏறுகிறது நீல அட்டை, இறங்குகிறது சிவப்பு அட்டை என்று சொல்லிவிட்டுக் கருவி அறைக்கு ஓடினாள். தைத்த பிரதிகளை உறையில் போட்டு, நீலத்தை இடது அறைக்கும் சிவப்பை வலது அறைக்கும் கொடுத்துவிடும் வேலையையும் நாத்தனாரே ஏற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. மாத்திரை அன்று வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுத்தவள், சனி ஞாயிறு முழுக்க எழுந்திருக்கவில்லை.

திங்கள் காலை இரண்டு பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு வந்தது. உடனே வரவும்.

மாத்திரை ஓடினாள். பொறுமையானவரிடம் முதலில் போவோம் என்று இறங்குமுகத்தின் கதவைத் தட்டினாள். அவர் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். மேஜை மேல் சிவப்பு அட்டைப் பிரதி திறந்து கிடந்தது. படத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. மேடு மேலே இருந்தது.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆறு வருஷமாக உங்களை நடுநிலை என்று நம்பினேன், கடைசியில் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள், போங்கள், வழிகாட்டி சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னார். இருந்தாலும் ஒரு பக்கம் விடாமல் படித்ததாகச் சொன்னார். மாத்திரை தயங்கித் தயங்கி, புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கலாமே சார் என்றாள்.

"புத்தகத்தைத் தலைகீழா வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாதும்மா. நான் குனிஞ்சு பார்த்தேன்."

நாற்பத்துமூன்று படத்துக்கும் குனிந்ததில்தான் கழுத்துப் பிடித்துக்கொண்டது. எழுத்தில் இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று குறித்திருந்தார். படங்களில், ஒவ்வொன்றின் அச்சையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். வேறு குறை இல்லை. பிரதி மாறிப்போன கதையை மாத்திரை சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, கழுத்துதான் தெளியவில்லை.

தாழ்வாரத்தில் நின்று நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் அசரவில்லை.

"எது ஏறுது எது இறங்குதுன்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அரை மணிநேரம் பார்த்தேன். ரெண்டுலயுமே ஒரு கோடு ஏறுது, ஒரு கோடு இறங்குது."

அது உண்மை. வளையம் என்றால் அப்படித்தான். மாத்திரைக்குக் கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

எதிர் அறைக்குள் கால் வைக்கும்போதே மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தாள். ஏறுமுகம் அதைக் கேட்கவே இல்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னார். சனிக்கிழமை பல் வைத்தியரிடம் போனபோது நீல அட்டைப் பிரதியை எடுத்துக்கொண்டு போனாராம். காத்திருக்கும் இடத்தில் பிரித்ததும் முதல் படமே எதிர்க்கட்சிப் படம். வந்த கோபத்தில் பல்வலி மறந்துவிட்டது. தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்திருக்கிறார். சகலையைப் போல அதற்கெல்லாம் கௌரவம் பார்க்கிறவர் இல்லை.

அப்போதுதான் டோக்கன் கொடுக்கும் பெண் எழுந்து வந்து, நாலு பேர் காதில் விழாதபடி குனிந்து, சார், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். இவர் நான் பேராசிரியர், இது கிராஃப், இதில் இரண்டு கட்சி இருக்கிறது என்று விளக்கப் போனார். வீங்கிய கன்னத்தில் வாய் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண் புரிந்துகொண்டவள் போலத் தலையாட்டி, அன்பாக, புத்தகத்தைத் தானே வாங்கி நேராக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடி திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றேகால் மணிநேரம், நேராகப் பிடித்த புத்தகத்தில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தன் மாணவியின் வளையங்களைச் சகலையின் கோணத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தேழாவது படத்தை எடு."

எடுத்தாள். ஆறு சீசாக்களின் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட படம், ஒரு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை. அவர் பென்சில் முனையை வைத்த இடத்தில், திரும்பி வரும் கோட்டில், பெரிய மேட்டைத் தாண்டி, ஒரு குட்டி மேடு. நகக்கண் அளவு. ஒரு வாரச் சீசாவில் அது இல்லை. ஒரு மாதத்தில் லேசான வீக்கம். பிறகு படி படியாக வளர்ந்து, ஆறு மாதச் சீசாவில் தொப்பை போட்டிருந்தது.

மாத்திரை இந்தப் படத்தை எத்தனை நூறு தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவளும் அவரும் எப்போதும் மேலே எழும் மேட்டைத்தான் பார்த்தார்கள். கீழ்ப்பாதி அவர்களுக்குப் பள்ளம். பள்ளத்துக்குள் இருக்கும் சுருக்கத்தை யார் பார்ப்பார்கள்? குழுவுக்குக் காட்டும்போதோ வளையத்தையே வெட்டிவிடுவாள். இப்போது பள்ளம் மேலே வந்து, சுருக்கம் மேடாக நின்று, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

"தெரியலை சார்."

"எனக்கும் தெரியலை. நாலு வருஷமா ரெண்டு பேருக்கும் தெரியலை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளை உறுத்தியது. இனி விஷயம் சாதாரணமில்லை. அந்தக் குட்டி மேட்டுக்குச் சொந்தமான பொருள், போகும் வழியிலும் பெரிய மேட்டின் அடிவாரத்தில் கொஞ்சம் மின்னோட்டத்தைச் சேர்த்திருக்கும். அப்படியென்றால் பழைய சீசாக்களில் மருந்து இவ்வளவு மிச்சம் என்று அவள் எழுதிய எண்களில் பொய் கலந்திருக்கிறது. நாற்பது சீசாவையும் திரும்ப அளக்க வேண்டியிருக்கும். வாய்மொழித் தேர்வு மூன்று வாரத்தில். கணவர் அதற்கென்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அழலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் இருந்த கடைக்காரி விழித்துக்கொண்டாள். நாளாக ஆக வளர்கிறது, சூட்டில் கூடுகிறது, மருந்தைவிடச் சுலபமாக எலக்ட்ரான் கொடுக்கிறது. பாராசிட்டமால் சிதைந்தால் என்ன வரும் என்பது மருந்தாளுநர் படிப்பில் முதல் வருஷப் பாடம். அமினோஃபீனால். மருந்துப் புத்தகத்தில் இதற்கு மேல் இருக்கக் கூடாது என்று தனியாக வரம்பு போட்டிருக்கும் பொருள். நான்கு வருஷமாக மருந்து எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளந்துகொண்டிருந்தாள். குறைந்தது எங்கே போயிற்று என்று சீசா பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத்தான் அவள் வெட்டிவிட்டுக் குழுவுக்குக் காட்டினாள், வம்பு வேண்டாமென்று.

நிச்சயப்படுத்த ஒரே வழி, சுத்தமான அமினோஃபீனாலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. குட்டி மேடு அதே இடத்தில் உயர்ந்தால் அதுதான். வேறு இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தால் அது இல்லை. சாமான் அறையில் ஒரு சீசா இருந்தது. திறந்து பார்த்தால் பொடி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது, காற்றுப் பட்டுக் கெட்டது. நல்ல பொடி துறையில் ஒரே இடத்தில்தான் உண்டு. எதையும் இருட்டில், குளிரில், வாய்ப்பக்கம் மெழுகுநாடா சுற்றி வைக்கும் ஒருவரின் பூட்டிய குளிர்பெட்டியில்.

ஆகவே மறுபடி கழுத்துப்பட்டையின் முன்னால் போய் நின்றாள். எதற்கு என்று கேட்டார். சொன்னாள். இருபத்தேழாவது படத்தைப் பிரித்து, இந்தத் தடவை தானே புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். உங்கள் சகலை என்றாள்.

"அவரா? அந்த மனுஷன் கீழ்ப்பாதியப் பார்த்தாரா?"

"உங்க கட்சிப் பிரதிதான் சார் அவர் கைக்குப் போச்சு."

அவர் சாவியை எடுத்துக்கொண்டார். பொடியை அவள் கையில் கொடுக்கவில்லை. தானே கொண்டுவருவதாகச் சொல்லி, நாற்பது அடி நீளத் தாழ்வாரத்தை, சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் நடந்து வந்தார்.

கருவி அறையில் ஏறுமுகம் ஏற்கெனவே திரையின் முன் உட்கார்ந்திருந்தார். அறை சின்னது. ஒருவர் திரைப் பக்கம், ஒருவர் பாத்திரத்தின் பக்கம், நடுவில் இரண்டடி இடத்தில் மாத்திரை.

"அவரை ஒரு சொட்டு விடச் சொல்லும்மா."

"விட்டாச்சுன்னு சொல்லுங்க."

"கலக்கச் சொல்லு."

"கலக்காம யாராவது விடுவாங்களான்னு கேளுங்க."

மாத்திரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தபால் கொடுத்தாள். முதல் சொட்டில் கோடு நடுங்கியது, மின்தூக்கி. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது நிற்கக் காத்திருந்தார்கள். இரண்டாவது ஓட்டத்தில் கோடு போய், திரும்பி, அந்த இடத்துக்கு வந்தது. குட்டி மேடு எழும்பியது. அதே இடம், மயிரிழை பிசகவில்லை. வேறெங்கும் எதுவும் முளைக்கவில்லை. இரண்டாவது சொட்டுக்கும் மூன்றாவது சொட்டுக்கும் இன்னும் எழும்பியது. நான்காவதற்குக் கரைசல் போதவில்லை, மருந்தைக் கரைக்கும் தாங்கல் கரைசல் எடுத்து வர அடுத்த அறைக்குப் போனாள்.

மூன்று நிமிஷம் இருக்கும். திரும்பி வரும்போது தாழ்வாரத்திலேயே சத்தம் கேட்டது. இரண்டு குரல். இடையில் ஆள் இல்லை.

மேடு மேலே தெரிந்ததால்தானே கண்ணில் பட்டது, முப்பது வருஷமாக நான் சொன்னது இதைத்தானே என்று ஒரு குரல். பார்த்தது என் கண், உங்கள் கண் குனிந்து பார்த்துக் கழுத்தைப் பிடிக்க வைத்துக்கொண்டதுதான் மிச்சம் என்று மற்றது. மூன்றாவது அத்தியாயம், நான்காவது அத்தியாயம், கல்யாணத்தில் மாலையை யார் முதலில் வாங்கினார்கள் என்பதெல்லாம் வந்தது. பதினொரு வருஷ பாக்கி. மாத்திரை கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் நடுவில் நின்றால் மறுபடி தபால்காரி ஆகிவிடுவோம் என்று பயமாக இருந்தது. குரல்கள் தணிந்து, "அந்த ஸ்கேனை நிறுத்திடாதீங்க, ஓடட்டும்" என்று ஒருவர் சொல்ல, "நான் ஏன் நிறுத்துறேன்" என்று மற்றவர் சொன்னபிறகுதான் போனாள்.

வாய்மொழித் தேர்வு ஐந்து மாதம் தள்ளிப்போனது. நாற்பது சீசாவையும் திரும்ப அளந்தாள், இந்தத் தடவை இரண்டு மேட்டையும். மருந்து எண்கள் அவள் பயந்த அளவுக்கு மாறவில்லை. பழைய சீசாக்களில் கொஞ்சம் இறங்கின. ஆனால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு கெட்டது என்று இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அளக்கும் முறையாக அது ஆகிவிட்டது. ஆய்வேட்டில் புது அத்தியாயம் ஒன்று சேர்ந்தது. கணவர் பழைய விடுப்பில் வந்து, தூங்கி, போய்விட்டார்.

இரண்டாவது தடவை தாள்களை அச்சிடும் முன் மாத்திரை இரண்டு அறைக்கும் போனாள். இனிமேல் ஒரே பிரதிதான் என்று இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தையில் சொன்னாள். எல்லாப் படமும் ஏறுமுகமாக இருக்கும், ஆய்வுப் பத்திரிகைகளில் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள். இருபத்தேழாவது படம் மட்டும் திரும்பியிருக்கும், குட்டி மேடு அப்படிப் போட்டால்தான் தெரிகிறது, அடியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவேன் என்றாள். இறங்குமுகம் நாற்பத்திரண்டு படங்களுக்காக வருத்தப்பட்டார். ஏறுமுகம் ஒரு படத்துக்காக அதைவிட அதிகம் வருத்தப்பட்டார். மாத்திரை இரண்டு வருத்தத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அன்று அவள் கையில் கண்ணாடித் தாள் இல்லை.

தேர்வு இரண்டரை மணிநேரம் நடந்தது. அதில் அவள் பேசியது முக்கால் மணி. மீதி நேரம் இருபத்தேழாவது படத்தின் முன்னால் சகலைகள் இருவரும் எழுந்து நின்று பேசினார்கள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருமுறை இவரையும் ஒருமுறை அவரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் மாத்திரையைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். பின்வரிசையில் நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் புரியவில்லை என்றாலும் படம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவரிடம், இது ஆறு மாதச் சீசா, நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டம் கிடைத்தது.

அடுத்த மாதம் மாத்திரை மருந்துத் தரச் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே ஒரு மத்தியானம் ஏறுமுகத்தின் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவளோடு அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. வாழ்த்துச் சொன்னாள், உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தங்கையும் லைனில் இருக்கிறாள் என்று சொன்னாள்.

"உன்னைக் குறை சொல்லலைம்மா. ஆனா பதினொரு வருஷம் நாங்க ஞாயித்துக்கிழமை நிம்மதியாச் சாப்பிட்டோம். இப்ப ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிறாங்க. சோறு ஆறிப்போகுது. நேத்து தட்டை நகர்த்திட்டு மேஜை மேலயே கிராஃப் போட்டாங்க, ரசத்தைத் தொட்டு."

மாத்திரை, எந்தப் பக்கம் போட்டார்கள் அக்கா என்று கேட்டுவிட்டாள்.

 பிறகு தங்கையின் குரல் வந்தது. எதிரெதிராக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் அவரவர் பக்கமே தெரியுமாமே, அடுத்த ஞாயிறு முதல் அப்படி உட்கார வைத்தால் சண்டை குறையுமா என்று கேட்டாள். மாத்திரை கண்ணை மூடி மேஜையையும் இரண்டு தலைகளையும் நினைத்துப் பார்த்தாள். படம் சரியாக வரும், சண்டை குறையும் என்பதற்கு மட்டும் தன்னால் உறுதி கொடுக்க முடியாது என்று சொன்னாள்.